கேட்டால் பதில் சொல்லும் கணினி

புதிதாக லினக்ஸ் நிறுவியவர்கள், கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் ஜன்னலைத் திறந்ததும் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கட்டளை மனப்பாடம் பண்ணணும்?" என்பதுதான். நம் பள்ளிக்கூடங்கள் பழக்கிவிட்ட கேள்வி அது. பாடம் எவ்வளவு, தேர்வுக்கு எது வரும், எதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டே வளர்ந்தவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? டெபியன், உபுண்டு போன்ற சாதாரணமான ஒரு லினக்ஸ் கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருக்கின்றன. காலமெல்லாம் அதிலேயே வேலை பார்ப்பவர்களுக்கும் அவற்றில் பெரும்பகுதி தெரியாது. தெரியாமல் இருப்பதால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. தெரியாதபோது கணினியிடமே எப்படிக் கேட்பது, அது சொல்லும் பதிலை எப்படிப் படிப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டளைப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. இந்தப் பழக்கத்தைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நாம் கேட்பதற்கு முன்பே கணினி ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. டெர்மினல் திறந்ததும் ஒரு வரி தெரியும். நம் பயனர் பெயர், @ குறி, கணினியின் பெயர், முக்காற்புள்ளி, ~ என்ற நெளிகோடு, கடைசியில் $ குறி. இதைத்தான் ப்ராம்ப்ட் என்கிறோம். பலர் இதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கண்ணை நகர்த்திவிடுகிறார்கள். யாராக உள்ளே வந்திருக்கிறோம், எந்தக் கணினியில் இருக்கிறோம், அதில் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்ற மூன்று செய்திகளும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. நெளிகோடு என்றால் நம்முடைய ஹோம் ஃபோல்டர். $ இருந்தால் சாதாரணப் பயனர். அந்த இடத்தில் # இருந்தால் ரூட், அதாவது எதையும் மாற்றவும் எதையும் அழிக்கவும் அதிகாரம் உள்ளவர். ஒவ்வொரு முறை என்டர் தட்டிய பிறகும் கணினி இதை மறுபடி எழுதுகிறது. நாம் மறந்திருப்போம் என்று அதற்குத் தெரிந்ததுபோல.

இந்த வரியைப் படிக்காததால் எவ்வளவு போகும் என்பதற்கு ஊரறிந்த ஒரு சாட்சி உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்க உலகமெங்கும் பலர் நம்பியிருக்கும் கிட்லேப் நிறுவனத்தில், டேட்டாபேஸ் சர்வர் ஒன்றில் கோளாறு. முதன்மை சர்வர் ஒன்று, அதைப் பார்த்துப் பிரதி எடுக்கும் இரண்டாவது சர்வர் ஒன்று. பிரதி எடுப்பது தடைப்பட்டிருந்தது. இரண்டாவது சர்வரில் உள்ள ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு பொறியாளர் கட்டளையை அடித்தார். ஓரிரு விநாடியில் அவருக்குப் புரிந்துவிட்டது, நிற்பது முதன்மை சர்வரில். அவசரமாக நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்திருந்த பிரதி ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

அதன் பிறகு அந்த நிறுவனம் நடந்துகொண்ட விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். என்ன நடந்தது, எந்தெந்தப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்று முழு அறிக்கையும் வெளியிட்டார்கள். இனிச் செய்யப்போகும் திருத்தங்கள் என்று அவர்கள் சொன்னவற்றில் ஒன்று, எல்லா சர்வர்களின் ப்ராம்ப்ட்டையும் எது எந்த சர்வர் என்று பளிச்செனத் தெரியும்படி மாற்றுவது. அனுபவம் மிக்க பொறியாளர்கள் அத்தனை இழப்புக்குப் பிறகு எழுதிவைத்த அந்தப் பாடத்தை, முதல் நாள் டெர்மினல் முன் உட்காரும் மாணவர் இழப்பே இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கட்டளை அடிக்கும் முன் ப்ராம்ப்ட்டைப் படியுங்கள்.

ப்ராம்ப்ட்டில் தெரிவது போதாவிட்டால் வாய்விட்டுக் கேட்கலாம். பிடபிள்யூடி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்தால் நிற்கும் இடத்தின் முழு முகவரி வரும். எல்எஸ் என்று அடித்தால் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று வரும். சிடி என்றால் இடம் மாறுவது. சிடி-க்குப் பின் எதுவும் கொடுக்காமல் என்டர் தட்டினால், எங்கே தொலைந்து போயிருந்தாலும் ஹோம் ஃபோல்டருக்கு வந்துவிடலாம். முதல் வாரத்துக்கு இந்த மூன்றும் போதும் என்பது என் கருத்து. இவற்றில் எதுவும் எதையும் அழிக்காது, மாற்றாது. எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம். கணினியின் பெரும்பகுதியை இப்படியே நடந்து பார்த்துவிடலாம்.

பெயர்கள் ஏன் இவ்வளவு சுருக்கம் என்று கேட்பார்கள். 1969-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கியபோது இன்றுபோல் திரை முன் வேலை பார்க்கும் வழக்கம் இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தில் அடித்தால் கணினியின் பதில் காகிதத்தில் அச்சாகி வரும். அந்தக் காலத்து மாடல் 33 டெலிடைப்பின் வேகம் விநாடிக்கு 10 எழுத்துகள். விசைகளை அழுத்தவும் பலம் வேண்டும். அங்கே ஓர் எழுத்து குறைந்தாலும் லாபம். பல கட்டளைகள் இரண்டெழுத்தில் பிறந்தன. அதே காரணத்தால், சொன்ன வேலையைச் செய்து முடித்தால் ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்ற வழக்கமும் பிறந்தது. பிழை வந்தால் மட்டும் பேசும்.

இந்த மௌனம்தான் இன்று புதியவர்களை அதிகம் மிரட்டுகிறது. ஒரு கோப்பைப் பிரதி எடுக்கச் சொல்லி என்டர் தட்டுகிறார்கள். அடுத்த வரியில் ப்ராம்ப்ட் மட்டும் வந்து நிற்கிறது. போன் முதல் ஏடிஎம் வரை எல்லாம் "வெற்றி" என்று பச்சை டிக் காட்டிப் பழகிய கண்ணுக்கு இது கோளாறாகத் தெரிகிறது. மறுபடி அடிக்கிறார்கள், மறுபடியும் மௌனம். ரூட்டின் அதிகாரத்தை இரவல் வாங்கும் சுடோ கட்டளைக்குக் கடவுச்சொல் கேட்கும்போது இன்னும் மோசம். பல கணினிகளில் அடிக்கும் எழுத்துக்கு ஒரு நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. பயிற்சி வகுப்புகளில் நான் அதிகம் கேட்ட வாசகம், "அக்கா, கீபோர்டு வேலை செய்யல" என்பதுதான். வேலை செய்கிறது. அருகில் நிற்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே கணினி காட்டாமல் இருக்கிறது. நம்பி முழுவதும் அடித்து என்டர் தட்டினால் போதும். கணினி சும்மா இருந்தால் சொன்னது நடந்துவிட்டது என்று பொருள். சந்தேகமா, எல்எஸ் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். கேள்விக்குக் கட்டணம் இல்லை.

சரி, அது பேசும்போது?

ஒரு மாணவியின் திரையை இங்கே அப்படியே சொல்கிறேன். ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போக சிடி கட்டளை அடித்தாள். "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, என் ஃபைல் எல்லாம் போயிடுச்சு." ஒன்றும் போகவில்லை, திரையில் இருப்பதை ஒருமுறை சத்தமாகப் படி என்றேன். படித்தாள். அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை என்கிறது. எந்தப் பெயரில் இல்லை என்கிறது? அந்தப் பெயரும் அதே வரியில் இருந்தது, அவள் அடித்தபடியே. இப்போது எல்எஸ் அடி என்றேன். வந்த பட்டியலில் டாக்குமெண்ட்ஸ் இருந்தது. முதல் எழுத்து பெரியது. அவள் அடித்தது சின்ன எழுத்து. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அவளே கண்டுபிடித்தாள், அவளே திருத்தினாள். பிறகு டேப் விசையைக் காட்டினேன். பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து டேப் தட்டினால் மீதியைக் கணினியே நிரப்பும். நிரப்பாவிட்டால் அப்படித் தொடங்கும் பெயர் அங்கே இல்லை, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது முறை டேப் தட்டினால் இருப்பவற்றை வரிசையாகக் காட்டும். தட்டச்சு நேரம் மிச்சமாவது சிறு லாபம்தான். என்டர் தட்டும் முன்பே பெயர் சரியா என்று டேப் சொல்லிவிடுகிறதே, அதுதான் பெரிய லாபம்.

தொடக்கத்தில் வரும் பிழைச் செய்திகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். அப்படி ஒரு கட்டளை இல்லை என்பது ஒன்று. எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது அந்த நிரல் இன்னும் நிறுவப்படவில்லை. அப்படி ஒரு கோப்பு இல்லை என்பது இன்னொன்று. தவறான இடத்தில் நின்றுகொண்டு கேட்கிறோம், அல்லது பெயர் தவறு. அனுமதி இல்லை என்பது மூன்றாவது. பெரும்பாலும் அது நம்முடைய கோப்பாக இருக்காது. மூன்றிலும் கணினி என்ன குறை என்று சொல்கிறது, எதில் குறை என்றும் சொல்கிறது. ஆனால் சிவப்பு மையில் வட்டமிட்ட விடைத்தாள் நினைவுக்கு வந்துவிடுகிறதோ என்னவோ, நம்மவர்கள் படிக்காமலே ஜன்னலை மூடிவிடுகிறார்கள். வகுப்பில் தெரியாததைக் கேட்டுத் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு, தவறு என்று யார் சொன்னாலும் அது அவமானமாகவே கேட்கும். டெர்மினலில் அவமானம் என்று ஒன்று கிடையாது. அதே தவறை நூறாவது முறை செய்தாலும் முதல் முறை சொன்ன அதே தொனியில் அதே பதிலைத்தான் சொல்லும். சலித்துக்கொள்ளாது, பக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்லாது. கேட்கப் பழகாதவர்கள் கேட்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாக் கேள்வியும் இலவசமில்லை. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசியாக வேண்டும். ஆர்எம் என்ற கட்டளை கோப்பை அழிக்கும். குப்பைத்தொட்டி கிடையாது, "நிச்சயமா?" என்ற கேள்வியும் பொதுவாக வராது. சொன்னால் செய்துவிடும். 2011-இல் பம்பிள்பீ என்ற திறந்த மூல நிரலின் நிறுவும் ஸ்கிரிப்டில் இதன் ஆபத்து பெரிதாக வெளிப்பட்டது. லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் கார்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் நிரல் அது. யுஎஸ்ஆர் என்ற ஃபோல்டருக்குள், பல அடுக்கு உள்ளே இருக்கும் ஒரு சிறு பொருளை அழிப்பதற்கான வரி அதில் இருந்தது. யுஎஸ்ஆர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளி விட்டால் அது இரண்டு தனிப் பெயர் என்பது, நாம் அடிக்கும் வரியை வாங்கிப் பொருள்கொள்ளும் ஷெல் என்ற நிரலின் இலக்கணம். யுஎஸ்ஆர் ஃபோல்டரை முழுதாக அழி, பிறகு அந்த மற்றொன்றையும் அழி என்று அந்த வரி பொருள்பட்டது. லினக்ஸில் நிரல்களில் பெரும்பகுதி வாழும் இடமே யுஎஸ்ஆர்தான். நிறுவியவர்களின் கணினிகளில் அந்த ஃபோல்டர் அப்படியே வெறுமையாயிற்று. திருத்தம் ஒற்றை இடைவெளியை நீக்கியது. பிழையும் திருத்தமும் இன்றும் யாரும் பார்க்கும்படி பொதுவில் கிடக்கின்றன.

ஆர்எம் அடிக்கும் முன் அதே பெயரை, எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி இருந்தால் அதையும் சேர்த்து, முதலில் எல்எஸ்-க்குக் கொடுங்கள். எது அழியப்போகிறதோ அது பட்டியலாக வரும். அதை ஒருமுறை கண்ணால் படியுங்கள். சரி என்றால் மேல் அம்புக்குறியைத் தட்டி, எல்எஸ்-ஐ மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். பயந்தால் சிறு கோடும் ஐ-யும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டு அழிக்கும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறிக்குள் வையுங்கள். பழகுவதற்கென்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதில் பொய்க் கோப்புகளைப் போட்டு, அங்கேயே அழித்துப் பழகுங்கள். ஏதாவது ஓடத் தொடங்கி நிற்காமல் போனால் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்கள். சுடோ என்பது ரூட்டின் அதிகாரத்தை ஒரு கட்டளைக்கு மட்டும் இரவல் வாங்குவது. சில கணினிகளில் அதை முதன்முதலாகப் பயன்படுத்தும்போது ஒரு சிறு அறிவுரை வரும். பிறருடைய அந்தரங்கத்தை மதி, அடிக்கும் முன் யோசி, அதிகாரம் கூடினால் பொறுப்பும் கூடும் என்ற பொருளில். எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறார்கள். நான் மாணவர்களை நிறுத்திப் படிக்கச் சொல்வேன்.

எங்கிருந்தோ நகலெடுத்த வரியை, அதிலும் சுடோ என்று தொடங்கும் வரியை, புரியாமல் ஒட்டி என்டர் தட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் கட்டளை எழுதித் தருகிறது. வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் வாங்கிய வரியில் உள்ள ஒவ்வொரு துண்டும் என்ன செய்யும் என்று நம் கணினியிடமே கேட்டுப் பார்த்துவிட்டு அடிப்பதுதான் முறை.

எப்படிக் கேட்பது? மேன் என்று அடித்து, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேட்டுப் பக்கம் திறக்கும். இணையம் வேண்டாம். படித்து முடித்ததும் க்யூ எழுத்தைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். இது தெரியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு டெர்மினலையே மூடியவர்கள் எத்தனையோ பேர். கட்டளையின் பெயர் தெரியாமல் வேலை மட்டும் தெரிந்தால், அப்ரபோ என்ற கட்டளைக்கு அந்த வேலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் பொருத்தமானவற்றைத் தேடித் தரும். கையேட்டுப் பக்கங்கள் முதலில் கடினமாகத்தான் இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். கட்டளையோடு சேர்க்கும் சிறு கோட்டுத் தேர்வுகளில் நமக்கு வேண்டிய ஒன்றைப் பற்றிய இரண்டு வரியைத் தேடிப் படித்துவிட்டு வெளியே வந்தால் போதும். எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு ஆங்கிலம் ஒரு மதில் என்பதை நான் மறுக்கவில்லை. கணியம் குழுவினர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் வெளியிட்ட நூல்களும், காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்களின் வகுப்புகளும் அந்த மதிலில் வாசல் திறந்தவை.

இந்தக் கையேட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. தாம்ப்சனும் ரிச்சியும் எழுதியது. அதில் கட்டளைகளின் விளக்கத்துக்குக் கீழே 'பக்ஸ்' என்று ஒரு பகுதி வைத்தார்கள். இந்தக் கட்டளையில் எங்களுக்குத் தெரிந்த குறைகள் இவை என்று செய்தவர்களே எழுதும் இடம். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பல கையேட்டுப் பக்கங்களின் கடைசியில் அந்தப் பகுதி இருக்கிறது. தன் பொருளின் குறையைத் தன் பொருளின் பக்கத்திலேயே எழுதி வைக்கும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. கேட்பவரைச் சமமானவராக நினைத்தால்தான் அப்படி எழுத முடியும்.

அடுத்து வருவது கட்டளைகளைக் கோப்பது. இதற்கு நான் சீக்கிரமே மாணவர்களை அழைத்துப் போய்விடுவேன். பெல் ஆய்வகத்தில் இருந்த டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தோட்டத்து ரப்பர் குழாயை ஒன்றோடு ஒன்று திருகி மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட வழி வேண்டும் என்றார். 1973-இல் தாம்ப்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸில் செய்து முடித்தார். | என்ற செங்குத்துக் கோடு பிறகு அதன் அடையாளமாயிற்று. ஒரு கட்டளையின் பதிலை எடுத்து அடுத்த கட்டளைக்குக் கேள்வியாகக் கொடுக்கும் கோடு.

மாணவர்களிடம் இதைக் காட்ட நான் எடுத்துக்கொள்வது நம் மொழியின் பெயரையே. 'தமிழ்' என்ற சொல்லை எக்கோ கட்டளையால் சொல்ல வைத்து (வரி முடிவு சேராமலிருக்கச் சிறு கோடும் என்-னும் சேர்த்து), செங்குத்துக் கோடு போட்டு, டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளையிடம் அனுப்புவோம். எத்தனை பைட் என்று கேட்டால் 15 என்கிறது. எத்தனை குறி என்று கேட்டால் 5 என்கிறது. நாம் எண்ணினால் மூன்று எழுத்து. வகுப்பில் உடனே சலசலப்பு. எது சரி? மூன்றும் சரி. மி என்பது கணினியில் ம ஒன்றும் இகரக் குறி ஒன்றும். ழ் என்பது ழ ஒன்றும் புள்ளி ஒன்றும். ஆக ஐந்து. ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், ஆக பதினைந்து. அந்த யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தவரும் அதே கென் தாம்ப்சன்தான். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், ராப் பைக் உடனிருக்க, மேசைத் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்தது. இன்று இணையத்தில் தமிழ் படிக்கும் ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாளின் விளைவு இருக்கிறது.

கிரெப் என்ற தேடும் கட்டளையும் தமிழை மறுப்பதில்லை. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டத்தின் யூனிகோட் நூல் ஒன்றை இறக்கிக்கொண்டு, 'யானை' என்று கேட்டால் அந்தச் சொல் வரும் வரிகளெல்லாம் வந்து நிற்கும். சிறு கோடும் என்-னும் சேர்த்தால் வரி எண்ணும் வரும். அதை டபிள்யூசி-யிடம் அனுப்பினால் எத்தனை வரி என்ற கணக்கு. தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவருக்கு இதைக் காட்டினால் அவர் கேட்கத் தொடங்கும் கேள்விகள் எனக்குத் தோன்றவே தோன்றாதவை. எந்த மெனுவிலும் அந்தக் கேள்விகளுக்குப் பொத்தான் இருக்காது. மெனு எழுதியவர் முன்கூட்டி நினைத்ததை மட்டும்தானே அதில் வைக்க முடியும்?

இப்போது திறந்த மூலம் என்பதற்கு வருகிறேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். நிரலை ஓட்டவும், எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும், மாற்றியதைப் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதிய கெர்னல் என்ற மைய நிரலும் குனு திட்டத்தின் நிரல்களும் சேர்ந்துதான் இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் கணினியாயிற்று. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அதாவது ஸ்டால்மன் எழுதிய அந்த நான்கு உரிமைகளும் கிராமத்து ஓட்டு வீடுகள் வரை போய்ச் சேர்ந்தன. ஆனால் எனக்குத் தெரிந்த மாணவர்களில் பலர் அந்த பாஸ் லினக்ஸில் கணினியை ஒருமுறைகூடத் தொடங்கவில்லை. உரிமை வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை எடுத்துப் பயன்படுத்தும் கையை யாரும் பழக்கவில்லை.

இதை நான் பல காலம் யோசித்திருக்கிறேன். உரிமத்தில் 'படித்துப் பார்க்கலாம்' என்று எழுதியிருப்பதால் மட்டும் யாரும் படித்துவிடுவதில்லை. நான் எங்கே நிற்கிறேன், இங்கே என்ன இருக்கிறது, இந்தக் கட்டளை என்ன செய்யும், ஏன் முடியாது என்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் ஒருவர் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறார். ஒரு பொருளிடம் பயமில்லாமல் கேள்வி கேட்க முடிகிறபோதுதான் அது நம்முடையதாகிறது. விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இலவசமாகக் கிடைத்திருந்தாலும், கேட்கப் பயப்படும் வரைக்கும் வேறு யாரோ நினைத்ததைத்தான் அது நம் கையால் செய்துகொண்டிருக்கும். கணினிக்குச் சொன்னேன். கணினிக்கு மட்டுமா என்று வாசிப்பவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டுக்கொண்டே போனான். எல்எஸ் என்று அடிக்கிறோமே, அது எங்கே இருக்கிறது? விச் என்ற கட்டளையிடம் கேட்டான். யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் பின் என்ற ஃபோல்டரில் எல்எஸ் என்ற பெயரிலேயே ஒரு கோப்பாக இருந்தது. "அப்போ இதுவும் யாரோ எழுதின புரோகிராம்தானா அண்ணி?" என்று பக்கத்தில் இருந்த என் தோழியைக் கேட்டான், அவன் அண்ணன் மனைவி அவள். எல்எஸ்-க்குப் பின்னால் இரண்டு சிறு கோடு போட்டு வெர்ஷன் என்று அடிக்கச் சொன்னாள். எழுதியவர்கள் ரிச்சர்ட் எம். ஸ்டால்மன், டேவிட் மெக்கன்சி என்று கடைசி வரியில் வந்தது. அவனுக்கு அது போதவில்லை. மூல நிரல் களஞ்சியத்தை இயக்கி, ஏபிடி சோர்ஸ் கட்டளையால், எல்எஸ் அடங்கிய கோர்யுட்டில்ஸ் தொகுப்பை இறக்கினோம். எல்எஸ் ஒன்றுக்கு மட்டும் 5,000 வரிகளுக்கு மேல் சி மொழியில் இருந்தது. பயப்படவில்லை. கிரெப் கையில் இருந்ததே. இல்லாத கோப்பைக் கேட்டால் அணுக முடியவில்லை என்று எல்எஸ் ஆங்கிலத்தில் சொல்லுமே, அந்த வாசகத்தைத் தேடச் சொன்னான், வரி எண்ணோடு வந்தது. இதை மாற்றலாமா என்றான். மாற்றலாம். மொழிபெயர்ப்புக்கு முறையான வழி வேறு உண்டு, வாசகங்களைத் தனிக் கோப்பில் எழுதித் திட்டத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஆங்கில வாசகத்தை எடுத்துவிட்டு 'திறக்க முடியவில்லை' என்று எழுதினான். மாற்றிய மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக்க கன்ஃபிகர் ஓட்டி, மேக் ஓட்டி, சில நிமிடம் காத்திருந்தோம். கம்பைல் ஆன எல்எஸ் அதன் மூல நிரல் இருந்த ஃபோல்டரில் வந்து நின்றது. எல்எஸ் என்று மட்டும் அடித்தால் பழைய எல்எஸ்தான் ஓடும். ஷெல் தேடும் இடங்களின் பட்டியலில் நாம் நிற்கும் ஃபோல்டர் இல்லை. நம்முடையதை ஓட்ட ஒரு புள்ளியும் சாய்கோடும் முன்னால் வேண்டும். அப்படி அடித்து, இல்லாத ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தான். வரியின் முன்பாதி தமிழில் வந்தது. பின்பாதி மட்டும் இன்னும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றே இருந்தது. எல்எஸ்-இன் மூல நிரல் முழுவதும் தேடினான், அந்த வாசகம் எங்குமே இல்லை. "இது எங்கிருந்து வருது?" என்றான். அது ஜிலிப்சி என்ற வேறொரு நூலகத்தில் இருக்கிறது, அதற்கும் மூல நிரல் உண்டு என்றேன். அவன் அதற்குள் ஏபிடி சோர்ஸ் என்று அடிக்கத் தொடங்கியிருந்தான்.